இரண்டு மணிக்கொருமுறை

கலாமாவில் காற்றுக்கு ஈரம் தெரியாது.
பிழிந்த துணி கொடியேறுமுன் காய்ந்துவிடும்,
சிரித்தால் உதடு வெடிக்கும்.
இந்த ஊரில்தான்
நொல்பெர்த்தோவின் கழுத்தில் துளையிட்டார்கள்.

மூக்குள்ளவரை சளி என்பார்கள்.
இவருக்கு மூக்கு இருக்கிறது, வேலைதான் போய்விட்டது.
அறுபத்திரண்டு வருடம்
வந்த காற்றையெல்லாம் வாசலில் நிறுத்தி
வெதுவெதுப்பாக்கி, நனைத்து
உள்ளே அனுப்பிய மூக்கு
இப்போது மூக்குக்கண்ணாடியைத் தாங்குகிறது,
அவ்வளவே.

இரவுப் பணியில் அதன் வேலையை நான் பார்க்கிறேன்.
கிருமி நீக்கிய தண்ணீர்.
கலத்தில் கோடு வரை.
சூடு முப்பத்தேழு.
நெளிநெளிக் குழாய் கட்டிலுக்குக் கீழே தொங்க வேண்டும்:
அதன் உள்ளே வியர்க்கும் நீர்
அவர் பக்கம் திரும்பிவிடக் கூடாது.
வறண்டாலும் ஆபத்து, வழிந்தாலும் ஆபத்து.
ஆக்ஸிஜனுக்கு இதெல்லாம் தெரியாது.
அது பாலைவனம்போல வருகிறது,
சுத்தமாக,
ஒரு சொட்டுக் கருணையில்லாமல்.

நேற்று பக்கத்து அறையில் ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார்.
தூக்கி, தையல் போட்டு, திரும்புவதற்குள்
இங்கே கலம் காய்ந்திருந்தது.
கரண்டியால் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார்.
கத்த முடியாதவரின் கத்தல்.
விரல்நுனி நீலம். எண்பத்தொன்று.
உட்குழலை உருவினேன்:
துவரம்பருப்பளவு பொருக்கு,
கல்லாய் இறுகி.

உறிஞ்சி எடுத்து, ஊற்றி, சூடேறி,
பனிபோல் அந்தப் புகை
கழுத்துக் கிண்ணத்தில் மறுபடி சுருளும்போது
தொண்ணூற்று மூன்று.
மன்னியுங்கள் என்றேன்.
அவர் சிலேட்டைக் கேட்டார்.

ஒரு கலம் எத்தனை மணி நேரம் வரும்?

ஆறு, என்றேன்.

கொத்தனார் கோணல் சுவரைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தார்.
துடைத்தார். எழுதினார். துடைத்தார். எழுதினார்:

செம்புச் சுரங்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டினேன்.
மண்பாதை.
இரண்டு மணிக்கொருமுறை நனைப்போம்.
தூசி எழும்பிய பிறகு ஊற்றி என்ன பயன்?

இருபத்தாறு வருடமாம்.
லாரியின் ஜன்னல் மூடியிருந்ததா என்று
நான் கேட்கவில்லை.

நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தேன், தூங்கினார்.
ஆறு மணிக்குப் போனேன்.
கலத்தில் பாதிக்குமேல் இருந்தது.
அவர் விழித்திருந்தார்,
கைக்கடிகாரத்தைத் தட்டி
ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினார்:
ஐந்து நிமிடம் தாமதம்.