தெளிவட்டம்

கொட்டகலைக்கு மேலே பன்னிரண்டாம் நம்பர் மலை.
ஆனி மழை விட்டிருந்த அரைமணி நேரம்.
சரிவில் பொவிட்டியா ஊதாவாய்ப் பூத்திருந்தது.
எனக்கு எட்டாத கிளையை வளைத்துத் தந்தவர்
முதுகில் தாங்கியோடு நின்றார்.
பெயர் மருதவீரன்.
வேலை, மருந்து அடிப்பது.
நகக்கண்களில் நீலம்.
எந்தக் கேற்றுக்கோ பெயின்ற் அடித்திருப்பார் என நினைத்தேன்.
"இதுல மருந்து இருக்குங்களா, புள்ள?"
"பாத்துச் சொல்றேன்."
பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பேராதனையில்
இலை ஒன்பது நாள் நிழலில் காய்ந்தது,
அரைக்கையில் எல்லோரையும் தும்ம வைத்தது,
பாதி மெதனோலில், பாதி கொதிநீரில் இறங்கியது.
கழுவவில்லை.
கழுவினால் சத்துப் போய்விடும் என்று
நெறிமுறையில் நானே எழுதியிருந்தேன்.
என் கையெழுத்து இன்னும் அங்கேதான் இருக்கிறது.
சுழல் ஆவியாக்கியில் குடுவை
இரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தது.
விடிந்தபோது மிஞ்சியது
கருப்பட்டிப் பாகு நிறத்தில் இரண்டு கரண்டி.

ஏகார் தட்டில் சீழ்க்கிருமியைப் பரப்பி
பொட்டளவு தாள்வில்லைகளைச் சாற்றில் தோய்த்து வைத்து
முப்பத்தேழு பாகையில் உறங்க விட்டோம்.
மறுநாள்
கிருமி பனிமூட்டமாய்ப் படர்ந்திருந்த தட்டில்
ஒரே ஓர் இடத்தில் வெயில் அடித்திருந்தது.
கொதிநீர்ச் சாறு.
பதினெட்டு மில்லிமீற்றர்.
அடிமட்டத்தை மூன்று தரம் வைத்துப் பார்த்தேன்.
கலாநிதி எக்கநாயக்க
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மனோரி கன்ரீனுக்கு ஓடி மாலுபணிஸ் வாங்கி வந்தாள்.
கட்டுரைக்கு அன்றைக்கே தலைப்பும் வைத்தோம்.

திரும்பச் செய்தும் வந்தால்தான் வந்தது.
மாசியில் போனேன். மழை இல்லை.
அதே சரிவு, அதே செடி,
ஒரு சொல் மாறாத அதே நெறிமுறை.
வட்டம் ஆறு மில்லிமீற்றர்.
அது தாள்வில்லையின் அகலம்.

பருவம் என்றார் ஒருவர்.
மண் என்றார் இன்னொருவர்.
கிருமி பழகியிருக்கும் என்று நான்கூடச் சொன்னேன்,
அது அப்படிப் பழகாது என்று தெரிந்தும்.

மூன்று கிழமை கழித்து ஓர் இரவு
ஆனிச் சாற்றின் மிச்சத்தைப் புடக்குகையில் எரித்து
சாம்பலை அமிலத்தில் கரைத்து
அமோனியா சொட்டினேன்.
முதல் சொட்டுக்குக் கலங்கல்.
நாலாம் சொட்டுக்கு
நீலம்.

பூவின் ஊதா அல்ல.
முன்பே பார்த்த நீலம்,
ஒரு கிளையை வளைத்தபடி.

செம்பு.
மழை மாதத்துக் கொப்புள நோய்க்காகக்
கொழுந்துக்கு அடித்தது
காற்றில் ஒதுங்கிச் சரிவிலும் படிந்திருக்கிறது.
மருந்து தேடித்தான் போனோம்.
மருந்துதான் கிடைத்தது.

கலாநிதி வெகுநேரம் தட்டையே பார்த்தார்.
"இதையும் எழுது" என்றார்.
தலைப்பை வெட்டினேன்.
கோடு கொஞ்சம் கோணிவிட்டது.

சித்திரையில் மலையேறிப் போய்ச் சொன்னேன்.
மருதவீரன் சிரித்தார், இருமினார்,
"அப்ப நான் அடிச்சதுதானா?" என்றார்,
சற்றுப் பெருமையாகக்கூட.
பொவிட்டியா பாவம், அது ஒன்றும் சொல்லவில்லை.

தேத்தண்ணி நீட்டினார்.
பீங்கானைப் பிடித்திருந்த பெருவிரலில்
அதே நீலம்.
அந்த நக ஓரத்தைச் சுரண்டி
ஒரு குழாயில் இட்டு, நாலு சொட்டு விட்டு...
எங்கள் நிதி செடிகளுக்கு மட்டும்.
மனிதருக்கு வேறு விண்ணப்பம், வேறு குழு, வேறு ஆண்டு.

வாங்கிக்கொண்டேன்.
அவர் விரல் பட்ட விளிம்பை
அந்தப் பக்கம் திருப்பாமல்
குடித்தேன்.