சோடி ஒன்று

பினாங்கிலிருந்து வந்த தகரப் பெட்டிக்கு
இங்கிலீஷில் ஒரு பட்டியல் இருந்தது.
தேவகோட்டை கோர்ட்டில் அதைத் தமிழாக்கியவன் நான்.
பதினேழாம் இலக்கம்:
பைஜாமா, சோடி ஒன்று.

சோடி என்றால் இரண்டு.
காளை சோடி, செருப்பு சோடி, தோடு ஒரு சோடி.
வாதி ஆதப்பனுக்கு ஒன்று,
பிரதிவாதி வெள்ளையனுக்கு ஒன்று.
இந்த ஓர் இலக்கத்துக்குத்தான்
இரண்டு வக்கீல்களும் சண்டையில்லாமல் தலையாட்டினார்கள்.

பள்ளத்தூர் வீட்டு வளவில் வைத்து
அமீனா பெட்டியைத் திறந்தார்.
பாச்சை உருண்டை நெடி.
நீலக் கோடு போட்ட ஒற்றை உருப்படி.
உதறினார். வேறெதுவும் விழவில்லை.
"இன்னொண்ணு எங்கே?" என்றான் ஆதப்பன்
தூணைப் பார்த்து.
"அவனைக் கேளுங்க" என்றான் வெள்ளையன்
அமீனாவைப் பார்த்து.
ஆறு வருஷத்தில் அண்ணன் தம்பி
இவ்வளவு பக்கத்தில் வந்து பேசியதில்லை.

குற்றம் என்னுடையது.
ராத்திரி அகராதியைப் புரட்டினேன்.
பாய் என்றால் பாரசீகத்தில் கால்,
ஜாமா என்றால் உடுப்பு.
காலுடுப்பு. அவ்வளவுதான், ஒருமை.
வெள்ளைக்காரன் அதைக் கப்பலேற்றும்போது
வாலில் ஒரு 'ஸ்' ஒட்டிக்கொண்டான்,
கத்தரிக்கோலுக்கு ஒட்டியது போல.
கால்களை எண்ணினான்.
இடுப்பை எண்ணவில்லை.

நம் சொற்கள் வேறு ஜாதி.
துணி, துணிக்கப்பட்டது.
துண்டு, துண்டிக்கப்பட்டது.
பழந்தமிழில் ஆடைக்கு அறுவை என்றே ஒரு பெயர்.
வேட்டியும் வெட்டில் பிறந்தது என்பார்கள்,
அதற்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன்.
தறியை விட்டு இறங்கும்போதே
கத்தி பட்ட பெயர்.
பாகம் பிரிக்க நமக்கா சொல்லித்தர வேண்டும்.

திருத்த மனு எழுதிக் கொடுத்தேன்:
'சோடி' என்பதை 'உருப்படி' என்று வாசிக்கவும்.
நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்
(அவர்கள் கணக்கில் அதுவும் ஒரு சோடி).
"சரி, இனி எப்படிப் பங்கு போடுவது?"
டவாலி மட்டும் சிரித்தான்.

ஏலம் விடச் சொல்லி உத்தரவு.
ஆரம்ப விலை ஆறணா.
கூட்டத்தில் ஒருவரும் வாயசைக்கவில்லை.
மூன்றாம் தரம் சொல்லப்போகையில்
ஏழணா என்று இரண்டு குரல்,
ஒரே மூச்சில்.
பிறகு எட்டு. பிறகு ஒரு ரூபாய்.
புதுசே மூன்று ரூபாய்க்குக் கிடைக்கும் காலத்தில்
பதினொன்று வரை ஏறிற்று.

யார் எடுத்தார்கள் என்பது கோப்பில் இருக்கிறது.
எனக்கு ஞாபகம் இருப்பது நாடாதான்.
முனைகள் உள்ளே ஓடிவிடாமலிருக்க
அவர்களுடைய அப்பச்சி போட்ட முடிச்சு
அப்படியே இருந்தது.
பட்டியலில் அது இல்லை.