முழு டிவிக்குக் கொடுத்த காசு

காசு கொடுத்தது முழு டிவிக்கு
என்பது இவர் வாதம்.
மாங்கூழ் ஆலையில் மூன்று மாத ராத்திரி ஷிப்ட்,
பதினெட்டுத் தவணை,
காவேரிப்பட்டணம் கடையிலிருந்து மினி டெம்போவில்
படுக்கப் போடாமல்
நிற்க வைத்துக் கட்டிக் கொண்டுவந்த ஐம்பத்தைந்து அங்குலம்.
அதில் மேலே நாலு விரல் கறுப்பு,
கீழே நாலு விரல் கறுப்பு.
"இந்த ரெண்டு பட்டைக்கும் சேத்துத்தானே
வட்டி கட்டறேன்?"
ரிமோட்டில் ஒரு பொத்தான்.
கறுப்பு போயிற்று.

போனது கறுப்பு மட்டுமில்லை.
காதலன் இந்த ஓரம், காதலி அந்த ஓரம்,
நடுவில் ஒரு மேஜை என்றிருந்த படம்.
இப்போது இங்கே ஒரு மூக்கு,
அங்கே பாதிக் கம்மல்.
மேஜைமேல் இருந்த பூச்சாடிதான்
இரண்டு குரலிலும் மாறி மாறிப் பேசியது.
"பெருசா தெரியுதுல்ல?" என்றார்.
பூச்சாடி நன்றாகத்தான் தெரிந்தது.

எனக்கு அந்தப் பட்டை பிடிக்கும்,
கண்ணுக்கு மேலும் கீழும் இழுத்த மை மாதிரி.
எடுத்தவன் அளந்து வைத்த இடம் அது;
வரப்பை வெட்டித் தள்ளிப் போடுவதுபோல்
நாம் போடலாமா என்று கேட்க வாய் வந்தது.
வரப்பு என்றால் இவர் முகம் மாறும்.
கேட்கவில்லை.

கல்யாண நாளன்று பழைய வட்டை
பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்தார்.
அது சதுர டிவி காலத்துப் படம்.
கறுப்பு இப்போது இடமும் வலமும் வந்து நின்றது.
விடுவாரா? அதே பொத்தான்.
பக்கங்கள் நிரம்பின,
உச்சியும் பாதமும் வெட்டுப்பட்டன.
சுற்றும் இதயத்துக்குள் இவர் பெயர் மேல்வரி,
காணோம்.
"வெட்ஸ்" என்பதும் என் பெயரும் மட்டும்
மினுக்கிக்கொண்டு நின்றன. சிரித்துவிட்டேன்.

மேடையில் எங்களுக்குப் பின்னால்
நீலக் கோடு போட்ட ஒரு சட்டை,
கழுத்துவரை.
கழுத்துக்குமேல் டிவி முடிந்துவிடுகிறது.
தலையில்லாத அந்தச் சட்டை
மாலை எடுத்துக் கொடுக்கிறது,
நான் தடுமாறும்போது முழங்கையைப் பிடிக்கிறது,
குறுக்கே வந்த பிள்ளைகளை விரட்டுகிறது.
மூத்தார் மாதப்பன். ஆறடி ஓரங்குலம்.
பதினோரு மாமரம் வரப்புக்கு எந்தப் பக்கம் என்று
கிருஷ்ணகிரி கோர்ட்டில்
ஏழாவது வருஷமாக வாய்தா.

டிவிக்கு அதெல்லாம் தெரியாது,
அளவு பார்த்து வெட்டியிருக்கிறது.
இவர் தெரிந்து அழுத்தினாரா என்பது
எனக்கும் தெரியாது.

தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரம்
ரிமோட்டை எடுத்தேன்.
கறுப்புக்கு நடுவே
எல்லாரும் சின்னதாக வந்தார்கள்,
முழுசாக வந்தார்கள்.
சட்டைக்குத் தலை முளைத்தது.
வெற்றிலை வாய், சிரிப்பு,
முன்பல்லில் ஒரு சந்து.
இவருக்கும் அதே இடத்தில் அதே சந்து.

செம்போடு வந்து நின்றார்.
மாற்றச் சொல்வார் என்று
பொத்தான்மேலேயே விரல் வைத்திருந்தேன்.
தாலி ஏறி, மேளம் ஓய்ந்து,
பந்தியில் ரசம் ஊற்றும்வரை
நின்றபடியே பார்த்தார்.
"அந்தச் சட்டை நான் எடுத்துக் குடுத்தது," என்றார்.
"கை குட்டையாப் போச்சு.
அவனுக்கு எந்த அளவும் சேராது."

மறுநாள் படத்துக்கு மறுபடியும் முழுத்திரை.
பூச்சாடி பேசிக்கொண்டிருந்தது.
வெள்ளிக்கிழமை வாய்தா.
இவருடைய வெள்ளைச் சட்டையை
இஸ்திரி போட்டு வைத்தேன்.