நிகர இலாபம் இரண்டு

பசளைக் கடை பில்லின் முதுகில்
கணக்குப் போடுகிறேன்.
முன்பக்கம் யூரியா இரண்டு அந்தர், கடன்.
பின்பக்கம் உயிரிரசாயனம், நாலு வருசம்.

கொழும்பில் கண்ணாடிச் சுவர் வைத்த இடத்தில்
மூன்று வருசம், இருபத்தாறு இலட்சம்.
போனில் பேசியவள் முதலீடு என்றாள்,
தங்கச்சி என்றாள்,
தவணையில் கட்டலாம் என்றாள்.
அப்பாவின் லாண்ட்மாஸ்டரும் தவணையில் வந்ததுதான்.
அதைத் தூக்கிப்போக வந்தவனும்
என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டான்.

சென்னையில் மலிவு என்று
றொபின்சன் மாமாவின் மகன் எழுதியிருக்கிறான்.
விசாவுக்கும் விமானத்துக்கும் பிறகு
மலிவு எவ்வளவு என்று எழுதவில்லை.

அரச கெம்பஸ் இலவசம்.
இலவசத்தைக் கூட்டிப் பார்த்தேன்:
அறை வாடகை, இரண்டு நேரச் சோறு, வெள்ளை மேலங்கி,
பகிடிவதைக்காரருக்குப் பயந்து தைக்கும் நீளப் பாவாடை,
ஒட்டுசுட்டானில் ஏறி மாங்குளத்தில் மாறி
யாழ்ப்பாணம் போய்வர, மாதம் இரண்டு தரம்.
மகாபொல வருகிற மாதம் வரும்.
வகுப்புத் தொடங்குமுன் சும்மா இருக்கப்போகும்
பதின்நாலு மாதத்தை
எந்த நிரலில் போடுவது?

மருத்துவத்துக்கு எனக்குக் குறைந்தது
பூச்சியம் தசம் மூன்று.
அந்த மூன்றின் விலையைத்தான்
கலியாண வீட்டிலும் என்னிடம் விசாரிக்கிறார்கள்.

பிரதேச செயலகத்தில் மயூரதி அக்காவைப் போய்க் கேட்டேன்.
உயிரிரசாயனத்தில் இரண்டாம் வகுப்பு, மேற்பிரிவு.
பட்டத்தோடு மூன்றரை வருசம் வீட்டில் இருந்துவிட்டு
இப்போது
வாழ்வாதாரத் திட்டத்தில் கொடுத்த கோழிகளை
வீடு வீடாக எண்ணுகிறா.
படித்தது எதற்காவது உதவினதா அக்கா?
"போன கிழமை ஒரு அம்மா
தயிர் ஏன் உறையேல்லை எண்டு கேட்டவ."
சிரித்தா. கோப்பை மூடினா.
"ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்கு என்ர பட்டம் காணாதாம்.
மாஸ்டர்ஸ் செய்தால் வெளியில போகலாம்.
போக முதல் இன்னொரு மாஸ்டர்ஸுக்குக் காசு வேணும்.
ஆனா ஒண்டு,
படிச்ச நாலு வருசமும் எனக்கு அலுக்கேல்லை."
அலுக்கவில்லை என்பதற்கு
பில்லில் இடம் விட்டு வைத்தேன்.

ஏஎல் கொப்பியில் சிவப்பு மையில் இன்னும் இருக்கிறது:
ஒரு குளுக்கோசை உடைக்க
கலம் முதலில் இரண்டு ஏரிபி செலவழிக்கும்.
பிறகுதான் நாலு வரும்.
நிகர இலாபம் இரண்டு.
அந்த முதல் இரண்டைக் கலத்துக்கு
யார் கடன் கொடுத்தது ரீச்சர்?
சோதனைக்கு வராது, இரும் என்றார்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்,
விதைநெல் எடுக்கப் போகிறவர் கேட்பதுபோல:
"இது மூன்றரை மாதமோ, நாலு மாதமோ?"
காசு எப்போது திரும்பும் என்கிறார்.
தெரியாது என்றேன்.
வெட்டித் தூற்றும்வரை எந்த நெல்லுக்கும் அப்படித்தான் என்று
மண்வெட்டியைத் தூக்கினார்.

அவருடைய இரத்தம்
ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றுக்குள்
பஸ்ஸில் வவுனியா போய்
ஒன்பது நாள் கழித்துக் காகிதமாகத் திரும்பியது.
கிரியற்றினின் ஒன்று தசம் ஒன்பது.
வீட்டில் எல்லாரும் காகிதத்தைப் பார்த்தோம்.
எனக்கு மட்டும் விளங்கியது.
விளங்கியதை வரவில் எழுதவா, செலவில் எழுதவா,
பேனை அந்த இடத்தில்தான் நிற்கிறது.

விண்ணப்பத்தில் முதல் தெரிவை நிரப்பிவிட்டேன்.
மற்றக் கட்டங்கள் வெறுமை.
வியாழக்கிழமை கடைக்காரர் பில்லைக் கேட்பார்.
திருப்பிப் பார்த்தால்
பார்க்கட்டும்.