ஆல்ரெடி

தலவாக்கலை, பஸ் ஸ்டாண்டுக்கு மேலே
போட்டோ கொப்பி, டைப்பிங். பக்கம் நூறு ரூபாய்.
கிளாக்கர் எட்வின் தந்த தாளில்
பன்னிரண்டாம் லயத்துப் பின்சுவர்
மழையில் 'சடன்லி' சரிந்திருக்கிறது.

மார்ச்சில் இதே கீபோர்டில்
பவளக்கொடிக்கு மனு அடித்தேன்:
வெடிப்பில் விரல் போகிறது.
மே மாதம் கை.
ஆகஸ்டில் பூனை.

ஹட்டனில் சனிக்கிழமை வகுப்பு.
நடந்ததற்கும் முன்னால் நடந்ததென்றால் 'ஹேட்'.
'கேவ்ட் இன்' இரண்டும் ஒட்டிக்கொண்டே நிற்கும்,
ஊடே எதையும் செருக முடியாது.
எப்போது, எப்படி என்று சொல்ல வருகிற சொல்
ஹேடுக்குப் பிறகு, கேவ்டுக்கு முன்னால்.
லயத்துக்கும் மண்மேட்டுக்கும் இடையில்
ஒராள் ஒருக்களித்துப் போகிற சந்து மாதிரி
அங்கே கொஞ்சம் இடம் இருக்கிறது.

முதலில் 'ஸ்லோலி' அடித்தேன்.
அழித்தேன்.
மெதுவாகச் சரிந்ததென்றால்
யாருக்கும் அவசரமில்லை.

தி வோல் ஹேட் ஆல்ரெடி கேவ்ட் இன்.
மழை அடுத்த வரியில்தான் பெய்கிறது.

எட்வின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
அந்த ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார்.
"இது எங்கேயிருந்து வந்திச்சு?"

"அது நிக்கிற இடம் அதுதான் சேர்.
இலக்கணப்படி சரி."

பவளக்கொடி லிந்துலை ஆஸ்பத்திரியில்,
இடது காலில் மாவுக்கட்டு.

அவர் விரல் இன்னும் எடுக்கப்படவில்லை.
பிரிண்டர் சூடாக இருக்கிறது.
மூன்று பிரதி என்றால்
முந்நூறு ரூபாய்.