வெற்றுக் கட்டம்

தரவுப் பகுப்பாய்வாளர் தேவை.
தகுதிகள் என்று பதினொரு வரி போட்டிருந்தார்கள்.
புள்ளியியலில் பட்டம்: இருக்கிறது,
அரியர் ஒன்று இருந்ததை யாரும் கேட்கவில்லை.
எஸ்க்யூஎல், பைத்தான்: இரவுகளில்,
தம்பியின் பழைய லேப்டாப்பில்,
மேசை விசிறியை அதன் அடிவயிற்றுக்குத் திருப்பி வைத்து.
‘கூர்ந்த கவனம்’ என்ற வரிக்கு
எந்தச் சான்றிதழை இணைப்பதென்று தெரியவில்லை.
அனுபவம் என்ற இடத்தில் எழுதினேன்:
குளச்சல் மீன் இறங்குதளம்,
தற்காலிகப் பதிவாளர், இரண்டு ஆண்டு.

நேர்காணல் வீடியோவில்.
மூன்று பேர், ஒருவர் முகத்தைக் காட்டவில்லை.
ஏலம் கூவும் மிக்கேலடிமையின் தொண்டை கேட்காதிருக்க
ஜன்னலைச் சாத்தியிருந்தேன். கேட்டது.

“தரவில் வெற்றுக் கட்டங்கள் வந்தால்
என்ன செய்வீர்கள், மிஸ் விர்ஜின் ஷைபா?”

சராசரியைப் போட்டு நிரப்பலாம்.
முந்தைய மதிப்பைக் கீழே இழுத்துவிடலாம்.
அந்த வரியையே தூக்கிவிடலாம்.
முகம் காட்டாதவர் “சரி” என்றார்.

சரியில்லை சார், என்று என் வாய் தொடர்ந்தது.
பூஜ்ஜியம் என்றால் வள்ளம் போனது, வந்தது,
மடியில் ஒரு சாளைகூட இல்லை,
டீசல் கடன் மட்டும் ஏறியது.
வெற்று என்றால்
எனக்குத் தெரியாது என்று அர்த்தம்.
எஞ்சின் கெட்டுக் கரையில் கிடக்கலாம்.
விலை கூடுதல் என்று
தேங்காப்பட்டணத்தில் இறக்கியிருக்கலாம்.
என் பேனா தீர்ந்திருக்கலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினேழாம் வரி வெற்று.
பூஜ்ஜியம் போடச் சொன்னார் மேலாளர்,
கூட்டுத்தொகை நிற்க வேண்டுமே.
போடாமல் போன் அடித்தேன்.
வீட்டுக்காரி எடுத்தாள்:
“அவிய நேத்தே வரவேண்டியதுல்லா, மக்களே.”
விழிஞ்ஞத்துக்குத் தெற்கே
எஞ்சின் செத்து ஒழுக்கில் போய்க்கொண்டிருந்தார்கள்,
நாலு பேர்.
அதற்கு முன் நான் துரத்திய பதினாலு வெற்றும்
ஒன்றுமில்லாதவை, சார்.
மேலாளர் அந்தக் கணக்கையும் வைத்திருந்தார்.

யாரும் பேசவில்லை.
நெட் நின்றதோ என்று பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது.
“டேஷ்போர்டு செய்யத் தெரியுமா?” என்றார் நடுவில் இருந்தவர்.
தெரியும் என்றேன்.

பத்தொன்பது நாளாயிற்று.
மறுப்பு வந்திருந்தால்
பூஜ்ஜியம் என்று எழுதி மூடியிருப்பேன்.
நாளைக் காலை கூப்பிட வேண்டும்,
அலுவலக எண்ணை எங்கோ குறித்திருக்கிறேன்.
இப்போது நெத்திலி வந்திறங்குகிறது.
பதிவேட்டையும்
இரண்டு பேனாவையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.