அரைப்புள்ளி

வெள்ளவத்தை, காலி வீதி.
கைத்தொலைபேசிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில்
சனி ஞாயிறு எனக்கு வகுப்பு.
பெரேரா மிஸ் ஆங்கிலத்தில் எழுதுவா,
சிங்களத்தில் விளக்குவா,
நான் தமிழில் பயப்படுவேன்.

சுப்பைன் என்றால் மல்லாக்க.
புரோன் என்றால் குப்புற.
லற்றரல் என்றால் ஒருக்களித்து.
இது எனக்கு லேசு:
கொட்டாஞ்சேனையில் ஒரே அறையில் ஏழு பேர்,
நாங்கள் லற்றரலாய்த்தான் வளர்ந்தோம்.

கிழமை நாட்களில் வேலை.
கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் தட்டு,
ஹெலன் செபமாலை, வயது எண்பத்து மூன்று,
இடப்பக்கம் பலமில்லை.
சட்டை போடும்போது பலமில்லாத கை முதலில்,
கழற்றும்போது அது கடைசியில்.
இதைக் கொப்பியில் இரண்டு தரம் கோடிட்டிருக்கிறேன்.

முப்பத்தொரு வருஷம்
கோட்டையில் டெலிபோன் ஒப்பரேட்டர் அவ.
மகள் மெல்பேர்னில்.
கூரை மூலையில் கமெரா,
அதன் சிவப்புப் பொட்டு நித்திரை கொள்வதில்லை.

சார்ட்டில் நான் எழுத வேண்டியது:
வொய்டட், முந்நூற்றைம்பது மில்லி, நிறம் தெளிவு.
அவ சொல்லுவது:
"லைன் கிடைச்சிட்டுது பிள்ளை."
மூன்று நாள் வயிறு போகாவிட்டால்
"ட்ரங்க் கோல். காத்திருக்கத்தான் வேணும்."
பெட்பானுக்கு அவ வைத்த பெயரை
இங்கே எழுத முடியாது,
அது முன்னாள் அமைச்சர் ஒருவருடையது.

டிஸ்பேஜியா: விழுங்கக் கஷ்டம்.
அதனால் தேத்தண்ணியில் மா கலந்து தடிப்பாக்கி
நிமிர்த்தி இருத்தி, நாடியைத் தாழ்த்தி,
கரண்டி கரண்டியாய்.
"இது தேத்தண்ணியா? பசை.
கொண்டுபோய் எலெக்ஷன் போஸ்டர் ஒட்டு."
ஆனாலும் குடித்தா.
நூற்றிருபது மில்லி, வாயால், என்று எழுதினேன்.
போஸ்டரை எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

இன்கொன்டினன்ஸ்.
இந்தச் சொல்லை வேகமாய்ச் சொல்லப் பழகியிருந்தேன்,
பரீட்சையில் வரும் என்று.
ஒரு விடிய நாலரைக்கு
படுக்கை நனைந்து கிடந்தது.
அவ எதையும் கேலி செய்யவில்லை.
நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டு
மற்றக் கை எங்கே என்று தேடுவதுபோல் இருந்தா.
கண்ணுக்குத் தெரியும் இடமெல்லாம் அந்தச் சிவப்புப் பொட்டு.

கதிரையில் ஏறினேன்.
துவாயைக் கமெராவின் தலையில் போட்டேன்.
பிறகு உருட்டி, துடைத்து, காயவிட்டு,
பவுடர் போட்டு, விரிப்பை
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுத்து...
போன் அடித்தது. மெல்பேர்ன்.
"கமெரா வேலை செய்யேல்லையோ?"

என்ன சொல்வது?
மிஸ் தந்த கடதாசியில் பிரைவசி என்று
ஒரு வரி இருந்தது. அது அந்த நேரம் வாயில் வரவில்லை.
"லைன் பிஸி மெடம்," என்றேன்.

கட்டிலில் இருந்து ஒரு சத்தம்.
மூச்சுத் திணறலோ என்று திரும்பினேன்.
ரெஸ்பிரேஷன் எண்ணப் போன விரலைத்
தட்டிவிட்டுச் சிரித்தா.

போன ஞாயிறு பரீட்சை.
ஏழாம் கேள்வி: ஆம்பியூலேட், பொருள் தருக.
எழுதினேன்:
கட்டிலில் இருந்து ஜன்னலுக்குப் பதினொரு அடி.
பலமில்லாத பக்கம் நான் நிற்க வேண்டும்.
நாலாவது அடியில் நிற்பா,
ஆறேகால் ரயில் போய்க் கண்ணாடி அடங்கும்வரை.
ஒன்பதாவதில் கடல் தெரியும்,
அங்கே அவசரப்படுத்தக் கூடாது.

சிவப்புப் பேனா:
நடத்தல் என்றால் போதும். அரைப் புள்ளி.

திங்கள் காலை, துடைத்துக்கொண்டே சொன்னேன்.
அவ நாடியை நிமிர்த்தினா,
தாழ்த்தச் சொன்னாலும் கேட்கவில்லை.
"எந்த எக்ஸ்சேஞ்ச் அது?" என்றா,
"நம்பரைத் தா."